நான்கு வயது மகளுக்கு லுக்கேமியா: முதல் மாதத்தில் குடும்பம் கவனிக்க வேண்டியவை

கேட்டவர் ஒரு அப்பா. அவருடைய நான்கு வயது மகளுக்கு மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வலி. வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும், இது வைரஸ் காய்ச்சல் என்று போய்க்கொண்டிருந்தது. தொடையில் அடிபடாமலே கன்றிப்போன தடங்கள் தெரிந்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றிரவே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். பி வகை அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, சுருக்கமாக ஏஎல்எல், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. சிகிச்சை தொடங்கியாகிவிட்டது, சில நாளில் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். "தாமதம் செய்து கெடுத்துவிட்டோமா? அவளிடமும் எட்டு வயது அண்ணனிடமும் என்ன சொல்வது? மனைவி இரவெல்லாம் போனில் படித்துக்கொண்டே இருக்கிறாள். சொந்தக்காரர்கள் வேறு மருந்து சொல்கிறார்கள். நாங்கள் எதைத்தான் செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் குழந்தைகள் ரத்தநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். டிஸ்சார்ஜ் ஆகிற குடும்பங்களை உட்காரவைத்து, வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பெரிய பகுதி. மருந்தின் அளவும் நாளும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். மற்றதைப் பேசலாம்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதில் அவசரமானது. இந்த மாதம் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை காய்ச்சலைக் கவனிப்பது. முதல் நான்கைந்து வாரச் சிகிச்சைக்கு இன்டக்‌ஷன் என்று பெயர். இந்தக் கட்டத்தில் ஒரு குழந்தையை இழக்க நேர்ந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் கிருமித்தொற்று. லுக்கேமியா மருந்துக்குக் கட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போதே தொற்று முந்திக்கொள்ளும். எலும்பு மஜ்ஜையை ஏற்கெனவே நோய் அடைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது கீமோவும் சேர்ந்து நல்ல அணுக்களையும் குறைக்கிறது. கிருமியோடு சண்டைபோடும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டரில் 500க்குக் கீழே போய்விட்டால், சாதாரணமாக நம் குடலிலும் தோலிலும் சும்மா கிடக்கும் பாக்டீரியாவே ரத்தத்தில் நுழைந்து சில மணி நேரத்தில் குழந்தையைச் சாய்த்துவிடும். "கவுண்ட் இறங்கியிருக்கு" என்று வார்டில் சொல்வது இதைத்தான்.

அதனால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பையில் இன்னொன்று. அக்குளிலோ காதிலோ வாயிலோ வைக்கலாம், ஆசனவாயில் வைக்கவே கூடாது. அங்கே ஏற்படும் சின்னக் கீறல் கூடக் கிருமிக்கு வழி விடும். இதே காரணத்துக்காகத்தான் ஆசனவாய் வழி மருந்தும் எனிமாவும் கூடாது. பல மருத்துவமனைகள் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 38 டிகிரி, அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே வரச் சொல்லும். சில இடங்களில் 38ஐத் தொட்டாலே வரச் சொல்வார்கள். உங்களுக்குச் சொன்ன எண் எதுவோ அதைப் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

அந்த எண்ணைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் கூடாது. காய்ச்சல் இறங்கிவிடும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணு குறைந்த குழந்தைக்கு ரத்தக்கசிவை அதிகமாக்கும். போனில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல், "லுக்கேமியாவுக்குக் கீமோ எடுக்கிற குழந்தை, காய்ச்சல் வந்திருக்கு, கவுண்ட் குறைவாக இருக்கலாம்" என்று உரக்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுகள் வைத்துக்கொள்ளும் இலக்கு. அதைக் கேட்பது உங்கள் உரிமை. சங்கடப்பட வேண்டியதில்லை. பத்துத் தடவை வந்து ஒன்பது தடவை சாதாரணச் சளி என்று திரும்பிப் போகிற பெற்றோரை எங்களுக்குப் பிடிக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்காமல் விடுவதைப் பார்க்கிறேன். உங்கள் மகள் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். ஆகவே தெர்மாமீட்டர் 37 காட்டினாலும் குழந்தை துவண்டு கிடந்தால், கை கால் சில்லிட்டுப்போனால், விடாமல் வயிறு வலித்தால், நெஞ்சிலோ கையிலோ போட்டிருக்கும் லைனில் (மருந்து ஏற்றும் குழாயில்) மருந்தோ உப்புநீரோ செலுத்திய சிறிது நேரத்தில் நடுக்கம் வந்தால், அதையும் காய்ச்சல் போலவே நடத்துங்கள். "என்னமோ சரியில்லை" என்று அம்மாவுக்குத் தோன்றுவதையும் நான் ஓர் அறிகுறியாகவே குறித்துக்கொள்வேன்.

இனி, என்னதான் நடக்கிறது என்று சுருக்கமாக. ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. அங்கே முதிர வேண்டிய வெள்ளணு ஒன்று முதிராமலே பெருகத் தொடங்கிவிட்டது. அந்த முதிராத அணுவை பிளாஸ்ட் என்பார்கள். இடமெல்லாம் அது பிடித்துக்கொண்டதால் சிவப்பணு குறைந்து வெளிறிப்போனாள், பிளேட்லெட் குறைந்து தோல் கன்றியது, எலும்புக்குள் நெருக்கடி கூடிக் கால் வலித்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகவும் பரவலானது லுக்கேமியாதான், அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஏஎல்எல். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் வருவதுதான் மிக அதிகம்.

முதல் சில நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றிய திரவமும் அலோபியூரினால் போன்ற மருந்தும் எதற்கு என்று குழம்பியிருப்பீர்கள். செத்து உடையும் பிளாஸ்டுகள் யூரிக் அமிலத்தையும் பொட்டாசியத்தையும் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் தாங்க வேண்டும். அந்தக் கட்டம் இதற்குள் பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

இப்போது வீட்டில் உங்களை ஆட்டிவைக்கப்போவது ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ, ஏறத்தாழ நான்கு வாரம் தினமும். இது துணை மருந்து என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், பிளாஸ்டுகளை நேரடியாகக் கொல்லும் முக்கிய மருந்துகளில் இது ஒன்று. அதற்கு விலையாக, உங்களுக்குத் தெரிந்த பெண் சில வாரம் காணாமல் போவாள். நடுராத்திரி எழுந்து சாப்பாடு கேட்பாள். தட்டு வந்ததும் இது வேண்டாம், அது வேண்டும் என்பாள். காரணமே இல்லாமல் அலறுவாள், அடிப்பாள், அடுத்த நிமிடம் மடியில் வந்து சுருண்டுகொள்வாள். முகம் உப்பும், வயிறு தள்ளும், தொடைத் தசை பலமிழந்து படியேறவும் தரையிலிருந்து எழவும் சிரமப்படுவாள். "நோயாளி என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், இது மருந்தின் வேலை. ஆனாலும் அடிப்பது கூடாது என்ற வீட்டு விதி அப்படியே இருக்கட்டும். எல்லை இல்லாமல் போனால், வீட்டில் ஏதோ பயங்கரம் நடக்கிறது என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும். கடைசி வேளை மருந்தை இரவு தாமதமாகக் கொடுக்காமல் சற்று முன்னால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் தேறும். அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் போனால் சொல்லுங்கள், சர்க்கரை ஏறியிருக்கலாம். வாந்தி எடுத்து மருந்தை வெளியே தள்ளினாலும் போன் செய்து கேளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அந்த நேரத்தில் அடங்கிக் கிடக்கும்.

வாரம் ஒருமுறை ஏறும் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து நரம்புகளை வாட்டும். மலச்சிக்கல் அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. மலம் இளக்கும் மருந்தைச் சிக்கல் வந்த பிறகு தேடாமல் முதல் நாளிலிருந்தே கொடுக்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள். தாடை வலிக்கும். பாதம் தூக்க வராமல் தட்டித் தட்டி நடந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்த மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டிவிடும், வேறு டாக்டர் எதை எழுதினாலும் முதலில் புற்றுநோய்ப் பிரிவில் காட்டுங்கள். இன்னொன்று: வின்கிறிஸ்டின் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே போக வேண்டும், முதுகுத்தண்டில் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து ஏற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்தின் பெயரையும் அது போகும் வழியையும் நர்ஸிடம் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அஸ்பாராஜினேஸ் என்ற இன்னொரு மருந்து ஏறிய நாட்களுக்குப் பிறகு கடும் வயிற்றுவலியோ விடாத தலைவலியோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. கணையம் வீங்கலாம், ரத்தம் உறையலாம். டானோரூபிசின் என்ற கீமோ மருந்தும் கொடுத்தார்கள் என்றால் சிறுநீர் ஒரு நாள் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்தான்.

முதுகு ஊசி பெற்றோரை மிகவும் பயமுறுத்துகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் திரவத்துக்குள் ரத்தத்தில் ஏற்றும் கீமோ சரியாகப் போய்ச் சேராது, அங்கே பதுங்கும் பிளாஸ்ட் பிறகு நோயைத் திரும்பக் கொண்டுவரும். அதனால்தான் முதுகு வழியாக மருந்தை நேராக அந்தத் திரவத்தில் செலுத்துகிறார்கள். முன்பு இதற்காகக் குழந்தைகளின் தலைக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாமல் போனதற்கு இந்த ஊசி ஒரு முக்கியக் காரணம். முடி இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும், மீண்டும் வளரும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான்கு வயதில் அவளைவிட உங்களுக்குத்தான் அது பெரிதாகத் தெரியும்.

தாமதம் செய்துவிட்டோமா என்ற கேள்விக்கு வருகிறேன். காய்ச்சலும் கால் வலியும் வரும் ஆயிரக்கணக்கான குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் லுக்கேமியா. முதல் நாளே அதை நினைக்காதது உங்கள் தவறும் ஆகாது, முதலில் பார்த்த டாக்டரின் அலட்சியமாகவும் இருக்க வேண்டியதில்லை. ஏஎல்எல்லில் நோய் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு: குழந்தையின் வயது (ஒன்று முதல் பத்துக்குள் இருப்பது நல்லது), முதல் பரிசோதனையில் வெள்ளணு 50,000க்குக் கீழா மேலா என்பது, பிளாஸ்டின் மரபணு மாற்றம், முதல் மாத மருந்துக்கு அது எப்படி மசிகிறது என்பது. நீங்கள் வீட்டில் கழித்த அந்த மூன்று வாரம் இந்தப் பட்டியலில் கிடையாது.

"ஏன் வந்தது" என்பதற்குள் உங்கள் மனைவி மூழ்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள். பிறந்தவுடன் குதிகாலில் குத்தி அட்டையில் சேமித்த ரத்தத்துளிகளை, பின்னாளில் லுக்கேமியா வந்த குழந்தைகளுக்கு எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நோயைத் தொடங்கிவைக்கும் மரபணு மாற்றம் பலருக்குப் பிறந்த அன்றே அந்தத் துளியில் இருந்தது. அணு பிரியும்போது தற்செயலாக நேர்ந்த பிழை அது. அதே மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அம்மா கர்ப்பத்தில் சாப்பிட்டதோ சாப்பிடாததோ, வீட்டில் நடந்த சண்டையோ, பாலூட்டியதில் குறையோ இதைக் கொண்டுவரவில்லை. டவுன் சிண்ட்ரோம் போன்ற சில நிலைகளில் வாய்ப்பு கூடும், பரம்பரைக் காரணம் இருப்பது சிறுபான்மைதான். அப்படிச் சந்தேகம் இருந்தால் டாக்டர்களே கேட்பார்கள்.

இணையத்தில் படிப்பதை நிறுத்து என்று சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள், நானும் சொல்லப்போவதில்லை. படிப்பதில் எது பழையது என்று தெரிந்திருந்தால் போதும். 1948இல் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தால் லுக்கேமியா தற்காலிகமாக அடங்கியதை வெளியிட்டார். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதத்துக்கு மேல் வாழ்வது அரிது. இன்று நல்ல வசதியுள்ள நாடுகளில் ஏஎல்எல் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் முழுக்கக் குணமடைகிறார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்று ஒரு கணக்கு வெளியாகிறது என்றால், அதில் உள்ள குழந்தைகள் ஐந்தாண்டுக்கு முன்பாவது சிகிச்சை தொடங்கியவர்கள். உங்கள் மகளுக்கு இன்று கிடைப்பது அதைவிடப் புதியது. ஓர் உதாரணம்: வழக்கமான ஆபத்துப் பிரிவில் இருந்து, நோய் திரும்பும் வாய்ப்பு சராசரியாகவோ அதற்கு மேலோ உள்ள பி வகை ஏஎல்எல் குழந்தைகளுக்குக் கீமோவோடு பிளினாட்டுமோமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது, மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் 87.9 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாகக் கூடியதாக 2024 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. எல்லோருக்கும் இது தேவைப்படாது, எல்லா இடத்திலும் கிடைக்கவும் செய்யாது. கேட்டுப்பார்க்கத் தகுந்த கேள்விதான்.

சரி, அவளிடம் என்ன சொல்வது? பெயரைச் சொல்லுங்கள். "உன் ரத்தத்துக்கு உடம்பு சரியில்லை, இதுக்குப் பேர் லுக்கேமியா. மருந்து ஊசி எல்லாம் அதைப் போக்கத்தான்." நான்கு வயதுக்கு இது போதும். "காய்ச்சல்தான்" என்று சொல்லிவைத்தால், அடுத்து யாருக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் அவள் நடுங்குவாள். இந்த வயதுக் குழந்தைகள் வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகள் இருக்கும், கேட்காவிட்டாலும் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். நான் ஏதாவது தப்புப் பண்ணினதால வந்ததா? இல்லை. இது யாருக்காவது ஒட்டிக்குமா? ஒட்டாது, அண்ணனைக் கட்டிப்பிடிக்கலாம். என்னை யார் பார்த்துப்பாங்க? அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் எப்பவும் கூட இருப்போம்.

ஊசியே இல்லை என்று பொய் சொல்லி அறைக்குள் கூட்டிப் போகாதீர்கள். ஒருதடவை அது பலிக்கும், அதன் பிறகு மருத்துவமனை வாசலிலேயே அலறல் தொடங்கும். "சாப்பிடாட்டி நர்ஸ் ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டுவதும் அப்படியே, எங்கள் பிழைப்பில் மண். மரத்துப்போகச் செய்யும் க்ரீமை ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியில்லாத இடத்தில், தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் சின்ன விஷயங்களை அவளிடம் விடுங்கள்: எந்தக் கை, மடியிலா கட்டிலிலா, பார்க்கணுமா கண்ணை மூடிக்கணுமா. மயக்கம் கொடுப்பதைத் "தூங்க வைப்பாங்க" என்று மட்டும் சொல்லி விட்டுவிட வேண்டாம், ராத்திரி படுக்கவே பயப்படுவாள். "டாக்டர் தர்ற மருந்துல வர்ற தூக்கம், முடிஞ்சதும் அம்மா எழுப்பிடுவேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரே இரவில் வீட்டிலிருந்து மூன்று பேர் காணாமல் போய்விட்டார்கள், அவன் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறான். எட்டு வயதுப் பையனுக்குப் புற்றுநோய் என்ற சொல் எப்படியும் பள்ளியில் காதில் விழும். அதற்கு முன்பு உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும். தங்கையோடு சண்டைபோட்டபோது "நீ இல்லாட்டி நல்லா இருக்கும்" என்று எப்போதோ சொல்லியிருப்பான், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கலாம். அப்படி நினைத்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "செத்துடுவாளா?" என்று கேட்டால் "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "இது பெரிய நோய்தான். நிறையப் பிள்ளைகளுக்குக் குணமாகுது. குணமாகத்தான் இவ்வளவு மருந்தும்" என்று சொல்லலாம், அதில் பொய் இல்லை. சளியோ காய்ச்சலோ இல்லாத நாட்களில் அவன் வந்து பார்க்கட்டும். வாரத்தில் ஒரு மாலை உங்களில் ஒருவர் அவனோடு மட்டும் இருங்கள், அன்று நோயைப் பற்றிப் பேச வேண்டாம். வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும். மகள் அந்தத் தொற்றுக்கு அருகில் இருந்திருந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அதே நாளில் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், நோய் வருமுன் கொடுக்கும் தடுப்பு மருந்துக்குக் காலக்கெடு உண்டு. உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகள் அவளுக்கு இப்போது கிடையாது. வீட்டில் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி உட்பட எல்லாம் போட்டுக்கொள்ளலாம். சொட்டு போலியோ மருந்து மட்டும் கேட்டுவிட்டுத்தான்.

உங்கள் இருவரையும் பற்றி. ஒரே வார்டில் ஒரே குழந்தைக்காக இருக்கும் அம்மாவும் அப்பாவும் பெரும்பாலும் ஒரே மாதிரி துக்கப்படுவதில்லை. ஒருவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டால்தான் மூச்சுவிட முடியும் என்று இருப்பார், இன்னொருவர் எதையும் கேட்க விரும்பாமல் பில், வண்டி, ஆபீஸ் என்று ஓடிக்கொண்டிருப்பார். இவர் அவரைக் கல்நெஞ்சு என்று நினைப்பார், அவர் இவரைப் பயந்தாங்கொள்ளி என்பார். இதைச் சரிசெய்ய முயல்வதைவிட வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. படிக்கும் பழக்கமுள்ள உங்கள் மனைவியிடம் நோட்டைக் கொடுத்துவிடுங்கள்: கவுண்ட், மருந்து, டெம்பரேச்சர், மலம், கேட்க வேண்டிய கேள்விகள். இரவு விழிப்பை மட்டும் ஒருவர் தலையிலேயே போடாதீர்கள். மருந்தின் அளவைத் தவறாக ஊற்றுவது பெரும்பாலும் தூங்காத கைதான். டாக்டர் பேசும்போது முடிந்தவரை இருவரும் உட்காருங்கள், முடியாவிட்டால் அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். "புற்றுநோய்" என்ற சொல் காதில் விழுந்த பிறகு பேசியது எதுவும் பலருக்கு ஞாபகமே இருப்பதில்லை. குழந்தை நன்றாகத் தூங்கும் இரவிலும் உங்கள் மனைவியால் தூங்க முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கும் சிகிச்சை உண்டு. நீங்கள் குழந்தைக்கு முன்னால் அழுதுவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. "அப்பாவுக்கு வருத்தமா இருக்கு, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றால் போதும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சிகிச்சை மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும். கையிருப்பு தீரும்வரை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு, ஆறாம் மாதம் வருவதை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. வசதி குறைந்த நாடுகளில் குணமாகும் விகிதம் தாழ்ந்திருப்பதற்குச் சிகிச்சை பாதியில் நின்றுபோவதும் ஒரு பெரிய காரணம். முதல் வாரத்திலேயே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். உதவி வேண்டும் என்று கேட்பதற்கு, உதவி தேவைப்படும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

சொந்தக்காரர்கள் சொல்லும் மருந்து. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். வின்கிறிஸ்டினே நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் அதில் ஒரு பொருளை மட்டும் பிரித்து, குழந்தையின் உடல் பரப்புக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து கொடுப்பதால்தான் அது மருந்து. இலையை அரைத்துக் கொடுத்தால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது, அதே செடியின் நஞ்சு குழந்தையைச் சாய்த்துவிடும். கல்லீரலைப் பாதிக்கும் எந்தச் சூரணமும் கீமோவைத் தள்ளிப்போட வைக்கும். மண்ணும் பூஞ்சையும் உள்ள பச்சை மருந்து, நியூட்ரோபில் இல்லாத குடலில் போய்த் தொற்றாகும். பெரியவர்களிடம் நேராக மறுக்க முடியாவிட்டால் "டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கார்" என்று பழியை எங்கள் மேல் போடுங்கள், தாங்கிக்கொள்வோம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டப்போவதில்லை. உதவி செய்கிறேன் என்று வருபவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: அண்ணனைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, மருந்து வாங்கி வருவது, ரத்தமும் பிளேட்லெட்டும் கொடுப்பது. பார்க்க வருகிறேன் என்பவர்களுக்கு ஒரே ஒருவர் மூலம் தகவல் போகட்டும். இருபது பேருக்கு இருபது தடவை அதே கதையைச் சொல்வது ஆளையே உருக்கிவிடும்.

இன்டக்‌ஷன் முடியும் நாளில், நான்கு அல்லது ஐந்தாவது வாரம், மறுபடி மஜ்ஜை எடுப்பார்கள். 95 சதவீதத்துக்கும் மேலான குழந்தைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நோய் அடங்கியிருக்கும், அதற்கு ரெமிஷன் என்று பெயர். "நோயே இல்லைன்னு சொன்னாங்க, இன்னும் எதுக்கு இரண்டு வருஷம்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவில் கோடிக்கணக்கான பிளாஸ்ட் அப்போதும் உடலில் இருக்க முடியும். அதனால்தான் மிச்சமிருக்கும் நோயை அளக்கும் எம்ஆர்டி என்ற நுணுக்கமான சோதனையையும் செய்கிறார்கள். பத்தாயிரம் அணுவில் ஒரு பிளாஸ்ட், அதாவது 0.01 சதவீதம், பொதுவாகப் பார்க்கும் கோடு. அதற்குக் கீழே இருந்தால் நல்ல செய்தி. மேலே இருந்தால் மருந்தைத் தீவிரப்படுத்துவார்கள். எல்லாம் முடிந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த நாளில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: எம்ஆர்டி எவ்வளவு, மரபணு அறிக்கை என்ன சொல்கிறது, எந்த ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள், அடுத்த கட்டம் எத்தனை வாரம், அதில் எந்தெந்த நாள் உள்ளே தங்க வேண்டும். பின்னால் வரும் மெர்காப்டோப்யூரின் மாத்திரையைச் சில குழந்தைகளின் உடல் மெதுவாகவே கழிக்கும், அவர்களுக்குக் குறைந்த அளவே போதும். அதைக் காட்டும் டிபிஎம்டி, நட்15 மரபணுச் சோதனைகளை இங்கே செய்ய முடியுமா என்பதையும் கேள்விப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி முடிவு வர ஒரு வாரம்கூட ஆகலாம். அந்த வாரத்திலும் கவுண்ட் குறைவாகவே இருக்கும், காய்ச்சல் வந்தால் அப்போதும் உடனே கிளம்பி வாருங்கள்.